சிஸ்டம் வரல, தம்பி

"தம்பி, சிஸ்டம் வரல."

2005-இல் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு இந்தப் போன் வந்தது. கோவில்பட்டியில் நான் கம்ப்யூட்டர் கடை போட்டு அப்போது இரண்டாவது வருடம். அசெம்பிள் பண்ணி விற்பதும் நான்தான், சர்வீசுக்குப் போவதும் நான்தான். பேசியவர் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். மகள் பிசிஏ சேர்ந்திருந்தாள் என்று நகையை அடகு வைத்து, என்னிடம் 25,000 ரூபாய்க்குப் பெட்டி வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"லைட் எரியுதா அண்ணாச்சி?"

"எரியுது."

"ஒயர் எல்லாம் சரியா மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கு தம்பி."

"சிபியுவை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். வரல."

அரை மணி நேரம் இப்படியே போனது. மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு 14 கிலோமீட்டர் போனேன். போய்ப் பார்த்தால், மேசைக்குக் கீழே இருந்த பெட்டியை அவர் தொடவே இல்லை. மானிட்டரில் உள்ள பட்டனைத்தான் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். அவர் "எரியுது" என்று சொன்னது யுபிஎஸ்ஸின் பச்சை லைட்டை. தினமும் கீழே குனிந்து பெட்டியை ஆன் பண்ணுவது மகள். அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. டிவியில் எங்கே படம் தெரிகிறதோ அங்கேதான் சுவிட்சும் இருக்கும். அவருக்கு அதுதான் சிஸ்டம், அதுதான் சிபியு.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பெட்ரோல், அலைச்சல், கடையைப் பூட்டிவிட்டு வந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொண்டது. அவருடைய மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றுகொண்டிருக்கும்போது, "இதுகூடத் தெரியாம எதுக்கு அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஐம்பது ரூபாயை என் சட்டைப் பையில் வைத்தார். அதன்பிறகு அவரிடமிருந்து போனே வரவில்லை. பெட்டி நன்றாக ஓடுகிறது போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "பெட்டி ரெண்டு மாசமா ஓடலண்ணே. உங்களைக் கூப்பிட வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாங்க" என்றாள். பிராக்டிகலுக்கு பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். அன்று சாயங்காலமே போனேன். ரேம் கார்டின் பித்தளை நிறப் பட்டையில் அழுக்குப் படிந்திருந்தது. கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் ஓடிவிட்டது. பத்து நிமிட வேலை. அடகுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த பெட்டி, இரண்டு மாதம் துணி போர்த்தியபடி கிடந்திருக்கிறது. காரணம் ரேம் இல்லை, என் வாய்.

இந்தத் தொழிலில் எரிச்சல் வராமல் இருக்காது. வருகிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்களுக்கும், சொந்தத்தில் "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்" என்று பெயர் எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதில் பாதியாவது பழக்கமாக இருக்கும். ஆனால் நாம் எரிந்து விழுந்தால் எதிரில் இருப்பவர் கற்றுக்கொள்வதில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். அவ்வளவுதான் நடக்கிறது. போன் வராத வீட்டில்தான் பெட்டி சும்மா கிடக்கிறது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் உண்டு. விற்ற பதினைந்தாம் நாள் நானே போன் பண்ணிக் கேட்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

அப்புறம், கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினேன். நம்மூர்ப் பெரியவர்களிடம் "மாட்டியிருக்கா?" என்று கேட்டால் "மாட்டியிருக்கு" என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை. கேட்கிறவர் மனம் கோணக் கூடாது, தனக்கும் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்து அந்த "ஆமா"வைச் சொல்ல வைக்கின்றன. அதனால் ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டேன். "பெட்டிக்குப் பின்னாடி நீல முனை உள்ள ஒயர் ஒண்ணு இருக்கும், அதைக் கழற்றுங்க. கழற்றிட்டீங்களா? உள்ளே எத்தனை ஊசி தெரியுது, எண்ணிச் சொல்லுங்க. இப்ப மறுபடி மாட்டி ரெண்டு பக்கமும் திருகுங்க" என்பேன். ஊசியின் கணக்கு எனக்கு வேண்டியதில்லை. அவர் கை அந்த ஒயரில் பட வேண்டும், கண் அங்கே போக வேண்டும். பாதிப் பிரச்சினை அந்த மாட்டலிலேயே தீர்ந்துவிடும். ஏதாவது ஊசி மடங்கியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

பெயர் சொல்லாமல் நிறமும் இடமும் சொல்வது அதைவிடப் பெரிய உதவி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கீபோர்டு முனை ஊதா, மவுஸ் முனை பச்சை, மானிட்டர் ஒயர் நீலம், ஸ்பீக்கர் இளம்பச்சை. செய்தவர்கள் யோசித்துத்தான் நிறம் கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் "பிஎஸ் டூ", "விஜிஏ" என்று பேசி அதை வீணாக்குகிறோம். இப்போது எச்டிஎம்ஐ, யுஎஸ்பி என்று எல்லாம் கறுப்பாகிவிட்டது. அதனால் விற்கும்போதே கலர் இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்புகிறேன். பெட்டியின் ஓட்டையிலும் அதே நிறம், ஒயரிலும் அதே நிறம். ஒரு ரோல் டேப் எனக்கு எத்தனையோ பயணங்களை மிச்சம் பிடித்திருக்கிறது.

"நெட் போயிருச்சு" என்ற வார்த்தையும் அப்படித்தான். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு அர்த்தம் உண்டு. மோடத்தில் சிவப்பு லைட் எரியலாம். வைஃபை பாஸ்வேர்டு மறந்திருக்கலாம். டெஸ்க்டாப்பில் இருந்த பிரௌசர் படத்தைக் குழந்தை அழித்திருக்கலாம். ஒருமுறை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று வந்தது. லைன்காரரை இரண்டு முறை வரவழைத்துவிட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டபோது, கீழே வலது மூலையில் என்ன தேதி தெரிகிறது என்று கேட்டேன். பல வருடம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று நம்பர் போட்டிருக்கும். அது தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் நினைத்துக்கொள்ளும். பேட்டரி மாற்றியதும் "நெட்" வந்துவிட்டது. நெட் சம்பந்தமாக யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது தேதியும் நேரமும்தான்.

எங்கள் பக்கம் கரண்ட் தனிக் கதை. "பெட்டியைத் தொட்டா ஷாக் அடிக்கு, பழுதான பெட்டியைக் கொடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கோபம் நியாயமானது, காரணம் வேறு. பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி, சின்னதாகக் கசியும் மின்சாரத்தை மூன்றாவது பின் வழியாக எர்த்துக்கு அனுப்பும். வீட்டில் எர்த் இல்லையென்றால், அல்லது மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கில் செருகியிருந்தால், அந்தக் கசிவு பெட்டியின் தகரத்திலேயே நிற்கும். கை பட்டால் சுர்ரென்று இருக்கும். எத்தனை பெட்டி மாற்றிக் கொடுத்தாலும் அடிக்கும். ஆரம்பத்தில் இதை வாயால் விளக்கி விளக்கித் தோற்றேன். யாரும் நம்பவில்லை. பிறகு அவர்களுடைய பெட்டியைத் தூக்கிவந்து என் கடை பிளக்கில் மாட்டி, அவர்கள் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விவாதம் அதோடு முடிந்தது. இப்போது வீட்டில் பெட்டி வைக்குமுன் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுகிறேன். எர்த் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் பெட்டி வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வியாபாரம் இதனால் போயிருக்கிறது, பரவாயில்லை.

2012-இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத மாதங்களைப் பார்த்தோம். அப்போது யுபிஎஸ் வாங்கியவர்கள் எல்லோரும் அதை இன்வெர்ட்டர் என்றே நினைத்தார்கள். 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். வேலையைச் சேமித்து மூடுவதற்குத்தான் அது. அதிலேயே டேபிள் ஃபேனை மாட்டுவார்கள், லேசர் பிரிண்டரை மாட்டுவார்கள். லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கிற கரண்டை அந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது. அப்படியே கத்திவிட்டு அணைந்துவிடும். "நான் சொன்னேன் இல்லையா" என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்வது ஒரு நாள், பெட்டி ஓடுவது ஐந்து வருடம். யுபிஎஸ்ஸின் பின்பக்கம் மேல் ஓட்டைகளில் "மானிட்டர்", "பெட்டி" என்று தமிழில் எழுதி ஒட்டி, மிச்ச ஓட்டையை டேப் போட்டு மூடிய பிறகு அந்தப் போன் நின்றது.

ஐப்பசி இடிக்கு மட்டும் ஒரு வரி: மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கைக் கழற்றினால் போதாது, மோடத்துக்கு வரும் டெலிபோன் ஒயரையும் கழற்ற வேண்டும். அந்த ஒயர் வழியாக வந்து மோடமும் மதர்போர்டும் சேர்ந்து எரிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். விண்டோஸ் எக்ஸ்பி காலம். ஒரு தையல் கடை வைத்திருந்த அக்கா பெட்டியைக் கொண்டுவந்தார்கள், வைரஸ். "ஃபார்மட் பண்ணணும்க்கா, முக்கியமா எதாவது உள்ளே இருக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல தம்பி, பிள்ளைங்க கேம் விளையாடும்" என்றார்கள். சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்தார்கள். மறைந்த கணவருடைய போட்டோக்களை ஸ்டுடியோக்காரர் ஸ்கேன் பண்ணி டெஸ்க்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தாராம். டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்சும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? திரையில் தெரிகிற படம் "உள்ளே" இருக்கிற பொருள் என்றே அவர்கள் நினைக்கவில்லை. மீட்கும் மென்பொருள் போட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பதினோரு படங்களில் நாலுதான் முழுசாக வந்தது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. "நாலாவது வந்துச்சே" என்றார்கள்.

அதற்குப் பிறகு "முக்கியமா ஏதாவது இருக்கா" என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பெட்டி வந்ததும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டேலி கணக்கு டேட்டா என்று எல்லாவற்றையும் என் ஹார்டு டிஸ்கில் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கூடவே ஃபான்ட்ஸ் ஃபோல்டரும். இது ஏன் என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய தமிழ் எழுத்துருவில் அறுபது பக்கம் அடித்து வைத்திருந்தார். எந்தப் பெட்டியிலும் தெரிகிற யூனிகோடு இல்லை. அந்த எழுத்துரு போனதும் கோப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. நான் அழித்துவிட்டேன் என்றே நினைத்து மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவர் முகத்தில் பார்த்ததை மறக்க முடியாது. எடுத்த நகலை முப்பது நாள் வைத்திருந்து, வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அழிப்பேன். அது அவர்கள் வீட்டுப் பொருள். திறந்து பார்க்கிற வேலை நமக்கில்லை.

வாங்குவதற்கு முன்னால் நடக்கும் பேச்சு சரியாக இருந்தால் பாதி போன் வரவே வராது. "500 ஜிபின்னு சொல்லி 465 தான் கொடுத்திருக்கீங்க" என்று எடை குறைத்த மளிகைக் கடைக்காரரைக் கேட்பது போல என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. பொருள் அதேதான், படி வேறு. பட்டணம் படிக்கும் சின்னப் படிக்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு உடனே புரிகிறது. பில் போடும்போதே சொல்லிவிட்டால் விளக்கம். புகார் வந்த பிறகு சொன்னால் சமாளிப்பு.

இப்போது அதிகமாக மனசு கஷ்டப்படுவது "ஐ5" என்ற வார்த்தையால். வேறு எங்கோ "ஐ5, 8,000 ரூபாய்தான்" என்று வாங்கிக்கொண்டு வந்து, "மெதுவா ஓடுது, பாருங்க தம்பி" என்று வைக்கிறார்கள். உள்ளே பார்த்தால் ஐ5 3470. அது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை. ஐ5 என்பது இன்டெல் பிராசசரின் குடும்பப் பெயர். அதற்கு அடுத்த நம்பரில்தான் வயது இருக்கிறது. 6500 என்றால் ஆறாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் இடம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்த வாரம் முழுக்க, "பெட்டியைத் தூக்கிப் போடணுமா?" என்று போன். வேண்டாம். ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். டைப் அடிக்க மட்டும் என்றால் விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன். பேங்க் வேலை பார்ப்பவர்களை மட்டும் மாற்றச் சொல்கிறேன். விலை குறைந்த லேப்டாப்பில் இன்னொரு பள்ளம் இருக்கிறது: 64 ஜிபி சேமிப்பும், மதர்போர்டிலேயே ஒட்டிய 4 ஜிபி ரேமும். அதைப் பிறகு கூட்டவே முடியாது. நான்கு அப்டேட் வந்தால் இடம் நிறைந்துவிடும். அதே பணத்துக்குப் பழைய ஆபீஸ் மெஷினில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டு வாங்குவது பல வீடுகளுக்கு நல்லது, ஆனால் எட்டாம் தலைமுறையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

காசு விஷயமும் பேசியாக வேண்டும். "ஒரு போன்தானே, ஒரு தட்டுத்தானே" என்று காலம் முழுக்க இலவசமாக எதிர்பார்ப்பதும், சாப்பிடும் நேரத்தில் கூப்பிடுவதும் உண்மையான பாரம். நான் எரிந்து விழுந்ததற்கு அது ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வாயால் சொல்லாமல் மனசுக்குள் கணக்கு வைத்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இப்போது பில்லிலேயே எழுதிவிடுகிறேன்: முதல் இரண்டு மாதம் போனும் வருகையும் இலவசம். பிறகு போன் இலவசம், வந்தால் இவ்வளவு. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. யாரும் முகம் சுளிக்கவில்லை. பழுதுக்குப் பெட்டி வந்தால், திறப்பதற்கு முன்னால் அவர்கள் எதிரிலேயே ஆன் பண்ணி, என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். "நீங்க தொட்ட பிறகுதான் ஸ்பீக்கர் போச்சு" என்ற பேச்சு அதோடு தீர்ந்தது.

பாஸ்வேர்டை நான் வைத்துக்கொள்வதில்லை. வீட்டு நோட்டில், அவர்கள் கையெழுத்திலேயே, பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று எழுத வைக்கிறேன். ராத்திரியில் "பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்கு" என்று போன் வந்தால் கேப்ஸ் லாக் (Caps Lock), நம் லாக் (Num Lock) இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் இன்னொன்றும் எழுத வைக்கிறேன். திரை முழுக்கச் சிவப்பாக வந்து, சத்தம் போட்டு, இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று சொன்னால் அது திருட்டு. உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. பட்டனை அமுக்கிப் பெட்டியை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930. யாரோ பொறுமையாக, "அம்மா, நான் சொல்றதைச் செய்யுங்க" என்று பேசுகிறான் என்பதற்காகவே அவன் சொன்ன செயலியைப் போட்டுப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் காட்டாத பொறுமையைத் திருடன் காட்டுகிறான். இதை நினைத்தால் எனக்கு ராத்திரித் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். பேரன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன பெட்டியில் அவர்கள் மகளிர் குழுக் கணக்கு எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் ஏதோ எழுத்து ஓடுகிறது, இங்கிலீஷ், எனக்கு வாசிக்கத் தெரியாது என்றார்கள்.

"எழுத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்கம்மா, போதும்" என்றேன்.

"ரெண்டு கம்பு நிக்கு, நடுவுல சாய்ஞ்சு ஒரு கம்பு. அடுத்து முட்டை. அப்புறம் கொஞ்சம் இடம். அப்புறம் ஒரு பாம்பு நெளிஞ்ச மாதிரி. அடுத்து ஒத்தக் கம்பு…"

நோ சிக்னல். நீல முனையைக் கழற்றச் சொன்னேன், ஊசியை எண்ணச் சொன்னேன். பதினாலு என்றார்கள். சரியான கணக்குத்தான், பழைய ஒயர்களில் ஒரு ஊசி இல்லாமலே வரும். மாட்டி, இரண்டு பக்கமும் திருகச் சொன்னேன். போனை மேசையில் வைத்துவிட்டுக் குனியும் சத்தமும், வளையல் தகரத்தில் உரசும் சத்தமும் கேட்டன.

"வந்துட்டு தம்பி," என்றார்கள். "நீ வச்சிரு, நான் கணக்கைப் பாத்துக்கிடுதேன்."